ஒரே அளவுப் பற்கள்: ஜிப்பின் வரலாறும் ஓசூரின் டூல் ரூம்களும்

தமிழகத்தின் வடமேற்கு மூலையில், ஜூஜுவாடியைக் கடந்தால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி வந்துவிடும் என்ற அளவுக்கு மாநில எல்லையை ஒட்டிக்கிடக்கும் ஓசூரில், ஜிப் என்னும் சிறுபொருளைப் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்வது இடம் மாறி வந்த பேச்சாகத் தோன்றக்கூடும். லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்து பெயர்பெற்ற ஊர் இது. ஜிப்பைப் பற்றிப் பேசுவதானால் பனியன் தைக்கும் திருப்பூரிலோ தோற்பொருள் செய்யும் ஆம்பூரிலோ பேசுவதுதானே முறை என்று கேட்போர் இருக்கலாம். ஜிப்பைத் தையற்கலையின் ஒரு கிளையாக எண்ணுவதால் எழும் கேள்வி அது. ஜிப்பை உருவாக்கியவர்களின் வரிசையில் தையற்காரர்களைக் காண்பது அரிது; அதில் நிற்பவர்கள் எந்திரம் செய்தவர்களும் உலோகத்தை வெட்டி அழுத்தும் டை செய்தவர்களும்தான். ஒரு சிறு உலோகத் துண்டை, அடுத்த துண்டுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாதபடி, இலட்சக்கணக்கில் செய்வது எப்படி என்பதே அவர்கள் 60 ஆண்டுகளுக்கும் மேலாக முட்டி மோதிய கேள்வி. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையின் டூல் ரூம்களில், அதாவது உற்பத்திக்கு வேண்டிய அச்சுகளையும் வெட்டுக்கருவிகளையும் செய்து பழுதுபார்க்கும் தனிப்பிரிவுகளில், இன்று காலை முதல் ஷிப்டிலும் கேட்கப்பட்டிருக்கக்கூடிய கேள்வி அது.

ஜிப்பின் உறுப்புகள் மிகச் சில. நெய்த பட்டைகள் இரண்டு, அவை ஒவ்வொன்றின் ஓரத்திலும் வரிசையாகப் பதிந்த பற்கள், அப்பற்களின்மேல் ஏறி இறங்கும் ஓர் உலோகக் கூடு, அக்கூட்டை இழுக்க ஒரு நாக்கு ஆகியவற்றோடு, மேலும் கீழும் கூடு கழன்றுவிடாதபடி தடுக்கும் தடைகளும் உண்டு. அந்தக் கூட்டுக்குத் தமிழகத் தையற்கடைகளில் ரன்னர் என்று பெயர்; இவ்வுரையும் அச்சொல்லையே ஆளும். ரன்னரின் உட்புறம் உண்டிவில்லின் கவட்டையைப்போல மேலே இரண்டாகப் பிரிந்து கீழே ஒன்றாகச் சேரும் வழியாக அமைந்திருக்கிறது. ஒவ்வொரு பல்லின் ஒரு முகத்தில் சிறு முனைப்பும் மறுமுகத்தில் அம்முனைப்பு அமரத்தக்க சிறு குழியும் இருக்கும். எதிரெதிர் வரிசைகள் அரைப் பல் அளவு தள்ளி நிற்பதால், ரன்னர் அவற்றைச் சாய்வாக அழைத்துவந்து நேராக்கும்போது இடப்பக்கத்துப் பல்லின் முனைப்பு வலப்பக்கத்துப் பல்லின் குழிக்குள்ளும், அதன் முனைப்பு அடுத்த இடப்பக்கத்துப் பல்லின் குழிக்குள்ளும் போய் அமர்கின்றன. நேராகிவிட்ட பற்களுக்குப் பின்வாங்க இடமில்லை. மேலும் கீழும் அண்டைப் பற்கள் நெருக்கிக்கொண்டிருப்பதால், துணியைக் குறுக்கே எவ்வளவு இழுத்தாலும் பூட்டு விடுவதில்லை. ஆனால் கவட்டையின் நடுவிலிருக்கும் ஆப்பு அவற்றை மீண்டும் சாய்த்துவிட்டால், ஒரு குழந்தையின் விரல் வலுவே அவற்றைப் பிரிக்கப் போதுமானது.

இந்த அமைப்பின் அழகே இதன் ஆபத்தும் ஆகும். ஓர் அங்குலத்துக்கு 10 பற்கள் என்று கொண்டால் 20 சென்டிமீட்டர் ஜிப்பின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 80 பற்கள் வரும். ஒரு பக்கத்தின் பல்லிடைவெளி மறுபக்கத்தைவிட ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் 2 பங்கு கூடியிருந்தால், கடைசிப் பல்லுக்குப் போவதற்குள் அந்தப் பிழை 1.6 மில்லிமீட்டராகத் திரண்டு, பல்லுக்கு எதிரே குழி இருக்கவேண்டிய இடத்தில் பல்லே வந்து நிற்கும். துணி நெகிழ்ந்து இப்பிழையை ஓரளவு விழுங்கும் என்பது உண்மைதான். ஆயினும் அத்தகைய ஜிப் கோணிக்கொள்ளும், அல்லது நடுவில் வாய் பிளக்கும். பொத்தானில் இந்தச் சிக்கல் கிடையாது. ஒரு பொத்தான் அறுந்தாலும் மற்றவை தம் வேலையைப் பார்க்கும். ஜிப்பிலோ ஒரு பல் போனால் மற்ற பற்களின் ஒழுங்கும் உடன் போகும்.

தமிழர் உடை மரபில் இத்தகைய பூட்டுக்கு நெடுங்காலம் தேவையே எழவில்லை என்பதையும் இங்கு நினைக்க வேண்டும். வெட்டாத, தைக்காத துணியை மடித்தும் கொசுவியும் செருகியும் உடுத்திய மக்களுக்கு, துணியின் உராய்வும் உடலின் வளைவுமே பூட்டாக அமைந்தன. பொருளைக் காக்க முந்தானை முடிச்சு இருந்தது. வெற்றிலை பாக்கையும் சில்லறையையும் வைத்துக்கொள்ளச் சுருக்குப்பை இருந்தது. வாய்விளிம்பில் ஓடும் கயிற்றை இழுத்தால் மூடிக்கொள்ளும் அந்தப் பையைக் கருவியியல் நோக்கில் பார்த்தால், ஓரிழுப்பில் வாய் முழுவதும் மூடவேண்டும் என்னும் அதே கருத்தைப் பல்லின்றியும் உலோகமின்றியும் நிறைவேற்றிய எளிய பொறி அது எனலாம். பாட்டிமாரின் இடுப்பில் அது தொங்கியதாலேயே அதற்கு உரிய மதிப்பைப் பொறியியல் வரலாறு தரவில்லை.

ஒரே இழுப்பில் மூடும் அப்பொறியை உடைக்குள் கொண்டுவர முயன்றவர்களுள் முதலில் குறிப்பிடத்தக்கவர் தையல் எந்திரத்துக்காக 1846-இல் காப்புரிமை பெற்ற அமெரிக்கரான எலியாஸ் ஹோவ். 1851-இல் தானாகத் தொடர்ந்து மூடும் உடைப்பூட்டு என்ற பொருளுடைய தலைப்பில் இன்னொரு காப்புரிமையும் பெற்ற அவர், தையல் எந்திரம் தந்த செல்வத்திலும் வழக்குகளிலும் மூழ்கியதால் அதைத் தொழிலாக வளர்க்காமல் விட்டுவிட்டார். அடுத்து வந்தவர் சிகாகோவில் வாழ்ந்த விட்கம்ப் ஜட்சன். காற்றழுத்தத்தால் தெருவண்டி ஓட்டும் திட்டங்களில் ஈடுபட்டிருந்த பொறியாளர். பூட்ஸுக்கான அவருடைய கொக்கிப் பூட்டுக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்த நாள் 1893 ஆகஸ்ட் 29. அதே சிகாகோவில், அதற்குச் சரியாக 13 நாட்களுக்குப் பின், சேதுபதி மன்னரும் சென்னை அன்பர்களும் ஊக்கி அனுப்பிய விவேகானந்தர் சர்வசமயப் பேரவையில் பேசினார். தமிழ் வாசகர்க்கு 1893-ஆம் ஆண்டுச் சிகாகோ என்றால் அந்தப் பேச்சுதான் நினைவுக்கு வரும். ஜட்சனின் பூட்டை அன்று உலகம் கவனிக்காததில் வியப்பில்லை.

கவனித்திருந்தாலும் பெரிய பயன் விளைந்திராது. ஜட்சனுடையது பற்களின் வரிசை அன்று, கொக்கியும் வளையமும் கொண்ட வரிசை. லூயிஸ் வாக்கர் என்னும் வழக்கறிஞர் பணம் போட, யுனிவர்சல் ஃபாஸ்னர் என்ற நிறுவனம் உருவாகி, 1905 அளவில் அந்தப் பூட்டு பாவாடைக்கும் கால்சட்டைக்கும் ஏற்றவாறு திருத்தப்பட்டு விற்பனைக்கு வந்தது. உட்காரும்போதும் குனியும்போதும் அது திறந்துகொண்டது. ஜட்சன் 1909-இல் இறந்தார். அவருடைய கருத்து சரியானது. அதை எந்திரத்தால் தவறின்றிச் செய்ய முடியவில்லை என்பதுதான் தோல்வியின் முழுக் காரணம். கண்டுபிடித்தவர் யார் என்று ஒற்றைப் பெயர் கேட்கும் பொது அறிவு நூல்கள் ஜட்சன் என்றே அச்சிடுவது, வரைபடம் போட்டவரைக் கட்டடம் கட்டியவர் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

கட்டியவர் கிடியன் சுண்ட்பேக். ஸ்வீடனில் 1880-இல் பிறந்து, ஜெர்மனியில் மின்பொறியியல் பயின்று, அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பணியாற்றிய இவர், 1906-இல் வாக்கரின் நிறுவனத்தில் சேர்ந்தார். 1911-இல் மனைவி இறந்த துயரத்தை மறக்க இரவும் பகலும் உழைத்து ஜிப்பைக் கண்டார் என்று அவர் வரலாற்றை எழுதுவோர் உருக்கமாகக் குறிப்பிடுவதுண்டு. துயரம் உண்மையாக இருக்கலாம். டை துயரத்தால் கூர்மை பெறுவதில்லை. அவர் முதலில் செய்த கொக்கியில்லாப் பூட்டில் ஒரு பக்கத்தில் மட்டும் உலோகத் தாடைகளும் மறுபக்கத்தில் தடித்த துணி விளிம்பும் இருந்தமையால், துணி விரைவில் தேய்ந்து அதுவும் தோற்றது. 1913-இல் இருபுறமும் ஒரே வடிவப் பற்கள் என்ற தீர்வுக்கு வந்து, அங்குலத்துக்கு 4 ஆக இருந்த பிணைப்புகளை 10, 11 என்று உயர்த்தினார். அதற்கான காப்புரிமை 1917-இல் கிடைத்தது. இன்று கைப்பையிலும் கால்சட்டையிலும் இருப்பது அடிப்படையில் அந்த வடிவமே.

இவ்வடிவத்தைவிடவும் பெரிய சாதனை அதைச் செய்வதற்காக அவர் அமைத்த எந்திரம். தகட்டிலிருந்து பற்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தால், பற்களைவிட மிஞ்சும் ஸ்கிராப் அதிகமாகிவிடும் என்பது தகட்டை எந்திரத்தால் அழுத்தி வெட்டும் பிரஸ் கடை நடத்தும் எவருக்கும் சொல்லாமலே விளங்கும். சுண்ட்பேக் கம்பியை முன்கூட்டியே கவட்டை வடிவக் குறுக்குவெட்டுடையதாக உருட்டிக்கொண்டு, அதைச் சீவல் சீவலாக அறுத்தார். அறுந்த ஒவ்வொரு துண்டும் ஏற்கெனவே இரண்டு கால்களுடைய பல்லாக இருந்தது. எந்திரம் அதன் தலையில் முனைப்பையும் குழியையும் ஒரே அடியில் பதித்து, கால்களைத் துணிப்பட்டையின் விளிம்பில் கவ்வி அழுத்தி, பட்டையை ஒரு பல்லிடைவெளி நகர்த்தி, அடுத்த துண்டுக்குத் தயாரானது. மிச்சம் என்று ஏறக்குறைய எதுவும் விழாததால் ஸ்கிராப் இல்லா எந்திரம் என்றே அதற்குப் பெயரிட்டனர். தொடங்கிய ஆண்டிலேயே அது ஒரு நாளைக்குச் சில நூறு அடி நீளமுள்ள பற்சங்கிலியைத் தந்தது.

ஓசூரில் புரோகிரசிவ் டூல் என்று வழங்கும் கருவியை அறிந்தவர்களுக்கு இதன் தத்துவம் புதிதாக இராது. ஒரு தகட்டுச் சுருளைப் பிரஸ்ஸுக்குள் படிப்படியாக நகர்த்தி, முதற்படியில் துளையும் இரண்டாம் படியில் வளைவும் மூன்றாம் படியில் வெட்டும் நிகழும்படி ஒரே டைக்குள் பல நிலையங்களை அமைக்கும் முறை அது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பிறகு அசோக் லேலண்டும், 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட்டை வெளியிட்ட டிவிஎஸ்ஸும் இங்கு வந்தபோது, அவற்றுக்குப் பிராக்கெட்டும் வாஷரும் கிளிப்பும் அடித்துத் தரும் சிறு பிரஸ் கடைகளும், அக்கடைகளுக்கு டை செய்து தரும் டூல் ரூம்களும் பின்தொடர்ந்து வந்தன. டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் இணைந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், தன் கடிகார ஆலையை இங்கே நிறுவியதும் நூற்றில் ஒரு மில்லிமீட்டர் என்ற பேச்சு மைக்ரானுக்கு, அதாவது ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு, இறங்கியது. தமிழகத்தின் சிற்றூர்களில் பள்ளிப்படிப்பை முடித்த இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து அவ்வாலை பயிற்றியது. 2002-இல் அது வெளியிட்ட எட்ஜ் என்னும் கடிகாரத்தின் உள்ளியக்கம் 1.15 மில்லிமீட்டர் தடிமனே கொண்டது. அந்த உள்ளியக்கத்தின் பற்சக்கரமும் ஜிப்பின் பல்லும் வேறு வேறு வேலை செய்பவை என்றாலும், ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாக நிற்கத்தக்க அளவு ஒத்திருக்கவேண்டும் என்ற ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை.

இந்த ஒப்பீட்டை வலிந்து செய்ததாகக் கருதுவோர், சுண்ட்பேக்கின் எந்திரம் ஓடிய ஊரின் பிற்கால வரலாற்றை நோக்கலாம். வாக்கரின் சொந்த ஊரான பென்சில்வேனியா மாநிலத்து மீட்வில் என்னும் சிற்றூருக்கு 1913-இல் அந்நிறுவனம் குடிபெயர்ந்து, 1937-இல் டேலன் என்ற பெயர் பூண்டு, அமெரிக்காவின் ஜிப் தேவையில் பெரும்பகுதியைப் பல்லாண்டுகள் நிறைவேற்றியது. 20-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஜிப் உற்பத்தி அவ்வூரைவிட்டு அகன்றுவிட்டது. ஆனால் டேலனுக்கு டை செய்து பழகிய கைகள், தனித்தனியே சிறு டூல் ரூம்கள் தொடங்கி மற்றத் தொழில்களுக்கு அச்சு செய்துகொடுத்தன. அதனால் மீட்வில் இன்றும் டூல் நகரம் என்றே தன்னை அழைத்துக்கொள்கிறது. பெரிய ஆலையில் பயின்று வெளியே வந்து, சிட்கோ சிறுதொழிற்பேட்டையில் இரண்டு எந்திரங்களோடு தொழில் தொடங்கியவர்கள் நிறைந்த ஓசூருக்கு இந்தக் கதை அந்நியமானதன்று.

பெயரின் வரலாறு சற்று வேடிக்கையானது. பி. எஃப். குட்ரிச் என்னும் ரப்பர் நிறுவனம் 1923-இல் தன் மழைக்கால ரப்பர் பூட்ஸுகளில் இப்பூட்டைப் பொருத்தியபோது, இழுக்கையில் எழும் ஓசையை ஒட்டி அந்தப் பூட்ஸுக்கு ஜிப்பர் என்று பெயரிட்டது. மக்கள் அப்பெயரைப் பூட்ஸிலிருந்து பறித்துப் பூட்டுக்கு வைத்துவிட்டார்கள். அமெரிக்கர் ஜிப்பர் என்பதை ஆங்கிலேயர் ஜிப் என்று சுருக்க, இந்தியா அந்தச் சுருக்கத்தையே பெற்றுக்கொண்டது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஓசூரில் வீட்டுப் பொருள் பலவற்றுக்கு மூன்று பெயர்கள் உண்டு. ஜிப்புக்கு மட்டும் மூன்று மொழியிலும் ஒரே பெயர். ஓசையிலிருந்து பிறந்த சொல்லுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை போலும்.

முதல் உலகப் போரின்போது மாலுமிகளின் பணப்பட்டைகளிலும் விமானிகளின் உடைகளிலும் இடம்பெற்ற ஜிப், ஆண்களின் கால்சட்டையில் பொத்தானை வெல்ல 1930-களின் பிற்பகுதிவரை காத்திருக்கவேண்டியிருந்தது. தமிழகத்தில் அது வேட்டியோடு போட்டியிடவில்லை. பேண்ட்டோடும் பையோடும் பர்ஸோடும் சேர்ந்து உள்ளே வந்தது. ஜிப் போட மறந்தவரைப் பார்த்துப் போஸ்டாபீஸ் திறந்திருக்கிறது என்று பள்ளிப் பிள்ளைகள் கேலி செய்யும் வழக்கு, இந்தப் பொருள் மொழிக்குள் எவ்வளவு ஆழமாகக் குடியேறியது என்பதற்குச் சான்று.

அமெரிக்கர் தொடங்கிய தொழிலை ஜப்பானியர் கைப்பற்றிய வரலாறு சுண்ட்பேக்கின் பாடத்தை மீண்டும் உறுதி செய்கிறது. தடாவோ யோஷிதா 1934-இல் டோக்கியோவில் தொடங்கிய சிறு கடையே பின்னாளில் ஒய்கேகே ஆனது. தொடக்கத்தில் அங்கே பற்களைக் கையால் பொருத்தினர். 1945-இல் ஆலை குண்டுவீச்சில் அழிந்தது. போருக்குப்பின் அமெரிக்க ஜிப்போடு தன் ஜிப்பை ஒப்பிட்டு, தரத்திலும் விலையிலும் தோற்றதை உணர்ந்த யோஷிதா, 1950-இல் அமெரிக்காவிலிருந்து ஒரு தானியங்கி எந்திரத்தை வரவழைத்தார். பின்னர் எந்திரத்தையும் தாமே செய்யவேண்டும் என்று முடிவெடுத்து, உலோகக் கலவை, நூல், பட்டை, சாயம், பற்களை அடிக்கும் எந்திரம் என எல்லாவற்றையும் நிறுவனத்துக்குள்ளேயே உருவாக்கும் வழக்கத்தை நிலைநிறுத்தினார். ஜப்பானின் குரோபே நகரத்தில் அந்நிறுவனத்தின் எந்திரப் பிரிவு செய்யும் எந்திரங்கள் வெளியாருக்கு விற்பனைக்கு வருவதில்லை. ஜிப்பை வாங்கிப் பிரித்து நகலெடுக்க யாராலும் முடியும். அதைச் செய்யும் எந்திரத்தை யாரும் பார்க்க முடியாது என்பதே அங்குள்ள காவல். இது அற்பப் பொருளின் வணிகம் என்று எண்ணுவோர்க்கு ஒரு செய்தி: ஜிப் உள்ளிட்ட உடைப்பூட்டுகளின் விலையைக் கூடிப்பேசி நிர்ணயித்த குற்றத்துக்காக ஒய்கேகே, கோட்ஸ், பிரிம் முதலிய நிறுவனங்களின்மீது ஐரோப்பிய ஆணையம் 2007-இல் விதித்த தண்டம் 32 கோடி யூரோவுக்கும் அதிகம்.

நைலான், பாலியஸ்டர் இழைகள் வந்தபின் உலோகப் பல்லுக்கு மாற்றுப் பிறந்தது. ஒற்றை இழையை ஸ்பிரிங் போலச் சுருட்டிப் பட்டையில் தைத்த காயில் ஜிப்பில் தனித்தனிப் பல் என்பதே கிடையாது. சுருளின் ஒவ்வொரு வளைவும் பல்லாக நிற்கிறது. மீட்டர் கணக்கில் ரோலாக விற்கும் இவ்வகையை வேண்டிய நீளத்துக்கு வெட்டி ரன்னர் ஏற்றிக்கொள்ளலாம் என்பதால் பை தைப்போர் இதையே நாடுகின்றனர். பல்லே வேண்டாம் என்ற இன்னொரு வழியை, உடையில் ஒட்டிக்கொண்ட முட்காய்களைக் கண்ட சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் வகுத்து 1955-இல் காப்புரிமை பெற்றார்; அதுவே வெல்க்ரோ. நம் வயல்வரப்பில் நடந்துபோகும் எவருடைய வேட்டியிலும் நாயுருவி செய்கிற வேலை அது. ஜிப்புக்கு இடங்கொடாத வேட்டி இந்த ஒட்டுப்பட்டைக்கு இணங்கி, ஒட்டிக்கோ கட்டிக்கோ என்ற பெயரோடு கடைக்கு வந்தது வரலாற்றின் சிறு குறும்பு.

ஓசூரைச் சுற்றி ஜிப்பைப் பயன்படுத்தும் தொழில்களுக்குக் குறைவில்லை. கிழக்கே கிருஷ்ணகிரியையும் துணிச்சந்தைக்குப் பெயர்பெற்ற பர்கூரையும் தாண்டினால், வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் காலணியும் தோற்பையும் செய்யும் ஆலைகள். வடக்கே பெங்களூரின் ஓசூர் சாலையை ஒட்டி ஏற்றுமதி ஆடை ஆலைகள். அவ்வாலைகளில் ஜிப் பொருத்துவது தனி ஆபரேஷன், அதாவது ஒரு தொழிலாளி நாள்முழுதும் அதை மட்டுமே செய்யும் வேலைக்கூறு. பட்டை சுருங்காமலும் ஊசி பல்லில் மோதாமலும் தைக்கவேண்டிய இவ்வேலை காலர் வைப்பதுபோலவே கைத்திறம் வேண்டுவது. அதைச் செய்வோர் பெரும்பாலும் பெண்கள். இவ்வளவு தேவை அருகிலிருந்தும் ஓசூர் ஜிப்புக்குப் பெயர்பெற்ற ஊராக வளராததற்குத் திறன் குறைவு காரணமன்று. ஏற்றுமதி ஆடையில் எந்த நிறுவனத்து ஜிப் இருக்கவேண்டும் என்பதைத் தைப்பவர் முடிவுசெய்வதில்லை, வெளிநாட்டில் இருக்கும் வாங்குபவர் முடிவுசெய்கிறார். நாமினேட்டட் சப்ளையர், அதாவது வாங்குபவரால் முன்பே பெயர் குறிக்கப்பட்ட விற்பனையாளர், என்னும் இம்முறையில் உள்ளூர்ச் செய்பொருள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பட்டியலில் பெயரின்றி உள்ளே நுழைய முடியாது.

இந்த ஒரே அளவு என்னும் ஒழுங்கும் நிறுவனத்தின் மதிற்சுவரோடு நின்றுவிடுகிறது. ஜிப்புகளை 3, 5, 8, 10 என்று எண்ணிட்டு அழைக்கும் வழக்கம், மூடிய பற்களின் அகலத்தை ஏறத்தாழ மில்லிமீட்டரில் சுட்டுவது. பல ரன்னர்களின் முதுகிலேயே அவ்வெண் பொறித்திருக்கும். ஆனால் ஒரு நிறுவனத்தின் 5-ஆம் எண் ரன்னர் இன்னொரு நிறுவனத்தின் 5-ஆம் எண் பற்களில் ஏறும் என்பதற்கு உறுதியில்லை. உலோகப் பல்லுக்குரிய ரன்னர் காயில் பல்லுக்கு உதவாது. எண் ஒத்தாலும் உட்குழிவின் உயரம் ஒரு மயிரிழை கூடினால் ஜிப் பின்னாலேயே திறந்துகொண்டு வரும். பை தைத்துக்கொடுப்பவர்களிடம் பழைய பைகளிலிருந்து கழற்றிய ரன்னர்கள் நிறைந்த தகர டப்பா ஒன்று இருப்பது இதனால்தான். பள்ளிப்பையைக் கொண்டுவந்தவர் காத்து நிற்க, தைப்பவர் டப்பாவைக் கவிழ்த்து, எண்ணைப் பார்க்காமல் ஒவ்வொன்றாகப் பட்டையின் நுனியில் ஏற்றிப் பார்த்து, ஓரளவு பொருந்துவதைத் தெரிந்தெடுத்து, அதன் இரு விளிம்பையும் குறட்டால் மெல்ல நெருக்கி, பற்களின்மேல் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டு, மேலிருந்து கீழாக ஒருமுறையும் கீழிருந்து மேலாக ஒருமுறையும் இழுத்துப் பார்க்கிறார்.